வரப்புத் தகராறும் காக்கிச் சட்டையும்

எங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வரும் விவசாயிகள் முதலில் கேட்பது விதைக் கடலை வந்துவிட்டதா என்று. அடுத்து, ஜிப்சம் இருக்கிறதா, மானியம் எவ்வளவு என்று. பில் போட்டு, மூட்டையை வண்டியில் கட்டிய பிறகும் கிளம்பாமல் சிலர் நிற்பார்கள். கூட்டம் கலைந்ததும் மெதுவாக ஆரம்பிப்பார்கள். "மேடம், பையன் போலீசுக்கு ட்ரை பண்றான். என்னா பண்ணலாம், நீங்கதான் சொல்லணும்."

இந்தக் கேள்வியை எந்தப் பத்திரிகையின் கேள்வி பதில் பகுதிக்கும் அவர்கள் எழுதிப் போடுவதில்லை. அங்கே வேர் அழுகல், சுருள் பூச்சி, பட்டா மாறுதல் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால், திருவண்ணாமலை மாவட்டத்து மானாவாரி கிராமங்களில் 28 வருடமாகச் சுற்றி வருகிற எனக்கு, அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அதனால், இந்த முறை பயிரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

விடியற்காலை 5 மணிக்கு எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளுக்கு வந்து பாருங்கள். இருட்டில் பத்துப் பிள்ளைகளாவது ஓடிக்கொண்டிருப்பார்கள். செருப்பில்லாமல் ஓடுகிறவனும் உண்டு. புளியமரத்துக் கிளையில் தாம்புக்கயிறு தொங்கும். களத்துமேட்டு ஓரத்தில் ஆற்றுமணல் கொட்டிய நீளம் தாண்டும் குழி இருக்கும். ஒன்றரை ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் குடும்பத்துக்கு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை மட்டும் கேட்கிற, நன்கொடை கேட்காத, தொடக்கத்திலேயே 18,200 ரூபாய் அடிப்படைச் சம்பளம் தருகிற வேலை வேறு எது இருக்கிறது? அவர்கள் ஆசையில் ஒரு குறையும் இல்லை. அந்த ஆசை எங்கெங்கே வீணாகிறது என்பதைத்தான் நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உயரம்

மண்ணைச் சோதிக்காமல் உரம் போடாதீர்கள் என்று நான் சொல்லாத கூட்டம் கிடையாது. இதற்கும் அதையேதான் சொல்வேன். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் செருப்பில்லாமல் நிற்கவைத்து உயரம் அளந்து பாருங்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் ஆண்களுக்குக் குறைந்தது 170 சென்டிமீட்டர் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண்களுக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூச்சை இழுத்தால் அது 5 சென்டிமீட்டராவது விரிய வேண்டும்.

168 சென்டிமீட்டர் இருக்கிற பையனை இரண்டு வருடம் ஓடவிட்டு, எழுத்துத் தேர்விலும் பாஸ் செய்யவைத்து, மைதானத்தில் அளவுகோலுக்குக் கீழே நிறுத்தி அழவைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். 20 வயதுக்கு மேல் உயரத்தைக் கூட்டுகிறேன் என்று விற்கிற பவுடரும் மாத்திரையும் பொய். அந்தக் காசுக்கு நாட்டுக்கோழி முட்டை வாங்கிக் கொடுக்கலாம்.

கண்பார்வை, நிறக்குருடு, தட்டைப் பாதம், நிற்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டுவது ஆகியவற்றையும் மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். குறை இருந்தால் 18 வயதிலேயே தெரிந்துவிடும். வேறு வழி பார்க்க நேரம் கிடைக்கும்.

தேர்வில் என்ன இருக்கிறது?

நம் பிள்ளைகள் ஓடுவதற்குப் பயப்படுவதில்லை. உட்கார்ந்து படிப்பதற்குத்தான் அவர்களுக்கு உடம்பு வணங்குவதில்லை. ஆனால், முதல் வடிகட்டல் எழுத்துத் தேர்வுதான். அதில் மதிப்பெண் வந்தால்தான், ஒரு காலியிடத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கில் மைதானத்துக்கே கூப்பிடுவார்கள்.

தமிழ் மொழித் தகுதித் தேர்வில் 80 கேள்விகள். 40 சதவிகிதம், அதாவது 32 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். அது தரவரிசைக்குச் சேராது. ஆனால், அதில் தவறினால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். அடுத்தது முதன்மைத் தேர்வு. 70 கேள்விகள், 45 பொது அறிவு, 25 உளவியல். உளவியல் என்றால் பயப்பட வேண்டாம். எண் தொடர், தர்க்கம், தகவலைப் புரிந்துகொள்வது போன்ற மனக்கணக்குக் கேள்விகள்தான். உடல்திறன் போட்டிகளுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6 என மொத்தம் 100 மதிப்பெண்.

இந்தக் கணக்கைச் சாக்பீஸால் எங்கள் கிடங்குக் கதவில் எழுதிக் காட்டுவேன். 70 மதிப்பெண் மேசையில். 24 மட்டும்தான் மைதானத்தில். ஆனால், நம் பிள்ளைகள் காலை இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, "ப்ராக்டிஸ் முடிச்சிட்டேன்" என்று படுத்துவிடுகிறார்கள். பாடம் பெரும்பாலும் பள்ளிப் புத்தக அளவில்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ், அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களை வரிவிடாமல் மூன்று முறை படித்த பிள்ளை, பாதிக் கிணறு தாண்டிவிட்டது. அந்தப் புத்தகங்கள் பக்கத்து வீட்டுத் தங்கையின் பையிலேயே இருக்கும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் மூலம் இலவசப் பயிற்சி நடக்கிறது. அறிவிப்பு வரும் நேரத்தில் போய்க் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவிகித முன்னுரிமை உண்டு. பள்ளியில் அதற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள். என்.எஸ்.எஸ். முகாமில் மண் சுமந்தவன் அந்தச் சான்றிதழை எலி கடிக்க விட்டால், கையிலிருந்த மதிப்பெண்ணைத் தூக்கி எறிகிறான் என்று அர்த்தம். ஒரே மதிப்பெண்ணில் எத்தனையோ பேர் மேலேயும் கீழேயும் போகிற தேர்வு இது.

வயதையும் கவனிக்க வேண்டும். 2023 அறிவிக்கைப்படி பொதுப்பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37. ஒவ்வொரு முறையும் அறிவிக்கையை முழுவதும் படியுங்கள். அந்த ஆண்டு 2,599 காவலர், 86 சிறைக்காவலர், 674 தீயணைப்பாளர் என மொத்தம் 3,359 இடங்களுக்கு ஒரே தேர்வு நடந்தது. மாநிலம் முழுவதற்கும் அவ்வளவுதான். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது போல, அறிவிக்கை வரும்போது நம் பிள்ளை தயாராக இருக்க வேண்டும். அறிவிக்கை வந்த பிறகு உழவு ஓட்டினால் பட்டம் தப்பிவிடும்.

ஓட்டமும் சாப்பாடும்

ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். இதில் மதிப்பெண் இல்லை, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். மதிப்பெண் வருவது அடுத்த போட்டிகளில். ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் உண்டு. 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் என்றால் இரண்டு. நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50 மீட்டருக்கு இரண்டு. 100 மீட்டர் ஓட்டம் 15 நொடிக்குள் என்றால் ஒன்று, பதின்மூன்றரை நொடிக்குள் என்றால் இரண்டு. தென்னை ஏறிப் பழகிய பையனுக்குக் கயிறு பெரிய விஷயம் இல்லை. ஆனால், வெறும் கையால் கயிற்றைப் பிடித்து மேலே போகும் பழக்கம் தனியாக வேண்டும். மைதானத்தில் அன்றைக்குப் போய்க் கற்றுக்கொள்ள முடியாது.

தார்ச்சாலையில் ஓடாதீர்கள். இரண்டு காரணம். ஒன்று, முன்கால் எலும்பில் வலி பிடித்து மூன்று மாதம் வீணாகும். இரண்டு, இருட்டில் வரும் பால்வண்டிக்கும் கரும்பு லாரிக்கும் நீங்கள் ஓடுவது தெரியாது. ஏரிக்கரை, வாய்க்கால் கரை, அறுவடை முடிந்த கடலைக் காடு இருக்கும்போது சாலை எதற்கு?

சாப்பாட்டுக்காக டப்பா பவுடர் வாங்க வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே நிலக்கடலை, கேழ்வரகு, கொள்ளு, முருங்கைக்கீரை, முட்டை எல்லாம் இருக்கின்றன. விளைந்த கடலை மொத்தத்தையும் கமிட்டிக்கு ஏற்றிவிட்டு, ஊரில் ஜிம் வைத்திருப்பவரிடம் 3,000 ரூபாய்க்குப் புரத மாவு வாங்கி வந்த ஒரு தகப்பனைப் பார்த்தேன். ஊசி போட்டு உடம்பு ஏற்றுகிறேன் என்று எவனாவது சொன்னால், அந்தப் பக்கமே பிள்ளையை விடாதீர்கள்.

ஒரு முழம் வரப்பு

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலம். டிராக்டர் ஓட்டும்போது வரப்பில் ஒரு முழம் சீவிவிட்டார்கள் என்று வாய்ச்சண்டை. அது கைகலப்பாகி, இரண்டு பக்கமும் காயம். தம்பி வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அதில் ஐந்து பேர் பெயர். நான்காவது பெயர், பொங்கல் லீவுக்குக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் மகனுடையது. அவன் அன்றைக்குச் செய்தது, அப்பாவைப் பின்னால் இழுத்து நிறுத்தியது மட்டும்தான் என்று பிறகு எல்லோருமே சொன்னார்கள். ஆனால், முதல் தகவல் அறிக்கையில் அவன் பெயர் ஏறிவிட்டது. ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது ஆகியவை பிரிவுகள். நம் ஊர் வரப்புச் சண்டைகளில் வழக்கமாகப் போடப்படும் 294(பி), 323, 506 தான். இப்போது புதிய சட்டத்தில் எண்கள் மாறி 296, 115, 351 என்று வருகின்றன; சங்கதி அதேதான்.

மூன்று வருடம் வாய்தா. பிறகு ஊர்ப்பெரியவர்கள் பேசிச் சமாதானம் ஆனது. சாட்சிகள், "எங்களுக்கு எதுவும் தெரியாது" என்று கோர்ட்டில் சொன்னார்கள். விடுதலை. இரண்டு குடும்பமும் ஒன்றாகக் கூழ் ஊற்றிச் சாமி கும்பிட்டார்கள்.

பையன் பட்டம் முடித்தான். காவலர் தேர்வு எழுதினான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். மைதானத்தில் எல்லாவற்றிலும் இரண்டு நட்சத்திரம். மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. படிவத்தில், "உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் இருந்ததா?" என்று கேட்ட இடத்தில், "இல்லை" என்று எழுதினான். அப்பாதான் சொல்லியிருந்தார், "அதான் முடிஞ்சு போச்சேப்பா." முன்னடத்தை விசாரணைக்கு ஊர்க் காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போனது. பழைய பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது. தேர்வு ரத்து என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தைப் பட்டா, சிட்டா வைக்கிற அதே பிளாஸ்டிக் பையில் போட்டு அவர் என்னிடம் கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே அரசாங்க ஆபீசர் நான்தான். "இது தப்பா டைப் அடிச்சிட்டாங்களா மேடம்? கோர்ட்டே விட்டுடுச்சே" என்றார். தப்பாக டைப் அடிக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒரு விதி இருக்கிறது. அதன்படி, சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுதலையானாலும், புகார்தாரரோ சாட்சியோ பிறழ்ந்து பேசியதால் விடுதலையானாலும், அந்த ஆள் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். குற்றமே நடக்கவில்லை என்றோ, இவர் குற்றமற்றவர் என்றோ கௌரவமாக விடுதலையானால்தான் உரிமை கோர முடியும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் இந்த விதியை ஏற்றுத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மறைத்த விஷயத்தில், அவ்தார் சிங் என்பவரின் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது. படிவத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். வழக்கு அற்பமானதாக இருந்தால் மறைத்ததைக்கூட அதிகாரி மன்னிக்க இடமுண்டு. ஆனால், உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஆளை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. இதுதான் அதன் சாரம்.

லத்தியும் துப்பாக்கியும் கொடுக்கப்போகிற ஆளை அரசாங்கம் அலசிப் பார்ப்பது நியாயம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், நம் கிராமத்தில் ஒரு புகாரில் பெயர் சேர்ப்பது எவ்வளவு மலிவு என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தம்பி வீட்டுக்காரர் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். "அப்போ ஒருத்தர் சொன்னாரு மேடம், படிக்கிற பையன் பேரைச் சேர்த்தாத்தான் அவன் அடங்குவான்னு. சேர்த்துட்டேன். என் கையால தூக்கி வளர்த்த புள்ள அவன்." சொல்லிவிட்டு அவர் வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு முழ வரப்பில் இன்றைக்குக் கோரைதான் முளைத்திருக்கிறது. பையன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். அவனுக்குச் சீருடைத் தேர்வு எழுதும் வயதும் தாண்டிவிட்டது.

ஆகவே, பெற்றோருக்கு நான் சொல்வது இவை.

நிலத் தகராறு நடக்கும் இடத்துக்குப் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். சோறு கொண்டுவரக்கூடக் கூப்பிடாதீர்கள். சண்டை வரும் என்று தெரிந்தால், அவனை அன்றைக்கு மாமன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வரப்பில் சந்தேகம் இருந்தால் கடப்பாரையை எடுப்பதற்கு முன் அளவைக்கு விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டி நில அளவைக்கு மனுப் போடலாம். சர்வேயர் வந்து புலப்பட வரைபடத்தைப் பார்த்து அளந்து கல் நட்டுவிட்டால், பாதிச் சண்டைக்கு வேலையில்லை. அந்தக் கட்டணம் உங்கள் பிள்ளையின் வேலைக்குக் கட்டும் இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டதா? முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். பிள்ளை அந்த நேரத்தில் அங்கே இல்லையென்றால் கல்லூரி வருகைப்பதிவு, பஸ் டிக்கெட் போன்றவற்றை விசாரணை அதிகாரியிடம் எழுத்துபூர்வமாக அப்போதே கொடுங்கள். குற்றப்பத்திரிகையில் பெயர் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. சமாதானம் ஆனாலும், சாட்சி பிறழ்ந்து விடுதலை வாங்கினால் போதும் என்று விட்டுவிடாமல், வழக்கையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். தாலுகா கோர்ட்டில் அதற்கான குழு இருக்கிறது. சம்பவத்தன்று பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லையென்றால் இளைஞர் நீதிச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு, அதையும் கேளுங்கள்.

படிவத்தில் பொய் எழுத வேண்டாம். வழக்கு இருந்தால், இருந்தது என்று எழுதித் தீர்ப்பு நகலை இணையுங்கள். உண்மைக்கு வேலை நிச்சயம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால், வாதாட அது ஒரு வழி வைக்கிறது. பொய் அதையும் அடைத்துவிடும்.

பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். திருவிழாவில் நடக்கிற தகராறு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, செல்போனில் யாரையாவது இழிவுபடுத்திப் பரப்புவது எல்லாம் நாளைக்கு ஒரு பதிவேட்டில் நிற்கும். சாதிச் சண்டைக்கு உங்களைக் கூப்பிடுகிற தலைவரின் பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருக்கிறானா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இருக்க மாட்டான். அவன் வெளியூரில் படித்துக்கொண்டிருப்பான்.

நிலத்தை விற்க வேண்டாம்

"அரை ஏக்கரை வித்து அஞ்சு லட்சம் கொடுத்தா வேலை வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு மேடம்." இப்படியும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். இந்தத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணமே 250 ரூபாய்தான். மதிப்பெண்ணும் அளவும் வைத்துத் தேர்வு செய்கிற இடத்தில் தரகர் செய்யக்கூடியது ஒன்றுதான். நூறு பேரிடம் வாங்குவார். அதில் தானாகத் தேறிய நாலு பேரைக் காட்டி, "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்பார். மற்றவர்களின் பணத்துக்கு இழுத்தடிப்பார். கொடுத்தவர் வெளியே சொல்லவும் முடியாது. லஞ்சம் கொடுத்ததும் குற்றம்தானே? போலீஸ் வேலைக்குப் போகும் பிள்ளையை ஒரு குற்றத்தோடு அனுப்பலாமா?

பயிற்சி மையத்துக்குக் கொடுக்கிற பணத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். மற்ற வழிகளையும் திறந்து வையுங்கள். மத்தியப் படைகளுக்கான எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வையும் பத்தாம் வகுப்புத் தகுதியோடு எழுதலாம். 2024 முதல் தமிழிலேயே எழுத முடிகிறது. அதற்கு ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில். பட்டம் முடித்தால் சார்பு ஆய்வாளர் தேர்வு இருக்கிறது. காவலராகச் சேர்ந்த பிறகும், அதில் துறையினருக்கென்று 20 சதவிகித ஒதுக்கீடு உண்டு. எதுவும் கிடைக்காமல் வயது தாண்டினால், அவன் திரும்பி வர அந்த அரை ஏக்கர் இருக்க வேண்டும். ஆறு வருடம் வெறும் ஓட்டம் என்று விடாமல், காலையில் ஓட்டம், பகலில் மாடோ கடலைக் காடோ, மாலையில் புத்தகம் என்று இருந்த பிள்ளை எங்கேயும் தோற்பதில்லை.

பெண்பிள்ளைகள்

தமிழ்நாட்டில் பெண் காவலர்கள் பணிக்கு வந்தது 1973-ல். ஒரு சார்பு ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். 1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று தேர்வில் பெண்களுக்கு 30 சதவிகித இடம் இருக்கிறது. ஆனாலும், எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை டிராக் பேன்ட் போட்டு ஏரிக்கரையில் ஓடினால் ஊர் பேசுகிறது.

ஒரு தாயை எனக்குத் தெரியும். கணவர் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகள் ஓடும்போது, "மாடு மேய்க்கப் போறேன்" என்று சொல்லி ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார். விடியும் வரை மாடு மேயும், மகள் ஓடுவாள். முதல் வருடம் அந்தப் பெண்ணால் 400 மீட்டரை முடிக்க முடியவில்லை. பாதியில் தலை சுற்றியது. சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்தபோது இரும்புச்சத்து மிகக் குறைவு என்றார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையும், வீட்டு முருங்கையும், கேழ்வரகும் அவளைத் தேற்றின. அடுத்த தேர்வில் ஓட்டத்தை முடித்தாள். 100 மீட்டரைப் பதினைந்தரை நொடிக்குள் ஓடி இரண்டு நட்சத்திரம் வாங்கினாள். மகளை ஓடவிடுகிற பெற்றோர் ஷூ வாங்குவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். பயிற்சிப் பள்ளியில் 7 மாதம். பிறகு ஆயுதப்படை, சிறப்புக் காவல் படை. உடனே சொந்த ஊர் ஸ்டேஷன் கிடைக்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மற்றவர்கள் வீட்டில் இருக்க, இவர்கள் ரோட்டில் நிற்பார்கள். காவலர்களுக்கு வார விடுப்பு தர வேண்டும் என்று 2021-ல் அரசாணை வந்தது. பந்தோபஸ்து நாட்களில் அதுவும் தள்ளிப்போகும். அறுவடைக்கு மகன் வருவான் என்று நம்பிப் பயிர் வைக்காதீர்கள்.

ஆனால், நம் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போக வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். கிணற்று மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போனால் ஒரு போகமே போய்விடும் என்பது அந்தக் கிணற்றில் குளித்து வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். திருடு போன இரண்டு ஆடு ஒரு கிழவியின் மொத்தச் சேமிப்பு என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் சொன்ன அந்தப் பெண் இப்போது ஒரு கிராமப்புற நிலையத்தில் ரைட்டராக இருக்கிறாள். வரப்புத் தகராறு என்று புகார் கொண்டுவந்தால், முதலில் சர்வேயர் அளந்த தாள் இருக்கிறதா என்று கேட்கிறாளாம். பிறகு புகாரில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பாளாம். படிக்கிற வயதுப் பையன் பெயர் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இவன் அங்க இருந்தானா? அடிச்சத நீங்க கண்ணால பாத்தீங்களா? பார்த்திருந்தா சொல்லுங்க, எழுதுறேன்" என்பாளாம். சிலர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.